ஏழாவது மெட்டு

காயில் அக்கா வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது திரு இருதயப் படத்தை அல்ல. அதற்குக் கீழே ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் கருகிப்போன கம்பிச் சுருள்களை, காயில்களைத்தான். மோட்டார் கட்டக் கொடுக்க வருகிற விவசாயிகள், இதையும் சேர்த்துக் கும்பிட வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் திகைப்பார்கள். அக்காவே சொல்லிவிடுவார்.

"இதெல்லாம் நான் எரிச்சதுங்க. இது சுத்து கம்மியாப் பூடுச்சி. இது வார்னிஷ் காயறதுக்குள்ள அவசரப்பட்டு ஓட்டினது. அதோ அந்த மூலைல தொங்குதே, அது ஏன் எரிஞ்சிதுன்னு எனக்கே இன்னும் புரியல."

வேலை கொடுக்க வந்தவனிடம் இப்படிப் பேசினால் அவன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டானா? பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அவருக்காகப் பயப்பட்டிருக்கிறேன். என் பயம் ஒரு நாளும் பலித்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் அது. திண்டிவனத்தைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு அப்போதுதான் கரண்டு வந்துகொண்டிருந்தது. ஆயில் இன்ஜினை ஓரங்கட்டிவிட்டு மோட்டார் போட்டவர்கள், முதல் கோடையிலேயே அதை எரித்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் கட்டும் கடை. பேருக்குத்தான் அவர் கடை. கம்பி சுற்றுகிற வேலை முழுவதும் வீட்டில், அக்கா கையில். அதனால் தெருவுக்கே அவர் காயில் அக்கா. சொந்தப் பேர் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

பனமலைப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து வாசலில் நின்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. ஒரே மோட்டார் ஒரே மாதத்தில் இரண்டு தடவை எரிந்துவிட்டது. நாற்று காய்கிறது. மனுஷன் வாயில் வராத வார்த்தை இல்லை. வீட்டுக்காரர் பின்கட்டுக்குப் போய்விட்டார். அக்கா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்து மோட்டாருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு தபாவும் தப்பு என்னுதுதாங்க. நீங்க திட்டிக்கினே இருங்க. நான் கேட்டுக்கினே பிரிக்கிறேன்."

திட்டுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் தண்ணீர் கேட்டார். அடுத்த வாரம் அதே ஊரிலிருந்து மூன்று வண்டிகள் மோட்டாரோடு வந்து நின்றன.

எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு வந்த வேலைக்காக இல்லை. எனக்கு மோட்டாரும் தெரியாது, மின்சாரமும் தெரியாது. தப்பு என்னுது என்று சொல்லிவிட்டு அந்த முகம் அப்படியே இருந்ததே, அதற்காக.

நான் ஏழாவதோடு நின்றவன். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், கடைசி பெஞ்சில் இருப்பவர்களைத்தான் கேள்வி கேட்பார் என்று எவனோ சொன்னான். அந்தத் திங்கட்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டேன். அப்புறம் போகவே இல்லை. அந்த இன்ஸ்பெக்டர் வரவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. பிறகு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடும் வேலை. ஒவ்வொரு மூட்டைக்கும் தராசு முள்ளை மூன்று தடவை பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு நாலாவது தடவையும் மனசுக்குள் பார்ப்பேன்.

எனக்கென்று இருந்த ஒரே கௌரவம் கால் ஆர்மோனியம். காலால் துருத்தியை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாசிக்கிற பெட்டி. மடித்தால் ரயிலில் ஏற்றிவிடலாம். விழுப்புரத்தில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழு இருந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர் நடத்தினார். அவரை மாஸ்டர் என்போம். வாராவாரம் பாசஞ்சர் பிடித்து ஒத்திகைக்குப் போவேன். வலது கையில் பாட்டு, இடது கையில் அடி ஸ்வரம். "யோவ், உன் பீச்சாங்கைதான்யா நம்ம குழுவுக்கு அஸ்திவாரம்" என்று மாஸ்டர் ஒரு தடவை சொன்னார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினேன்.

அந்த இடது கைக்குத்தான் அக்கா உலை வைத்தார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மெட்ராஸிலிருந்து பாட்டுக் குழு வந்திருந்தது. கேட்கலாம் என்று நான் போனேன். பெண் வீட்டுக்கு உறவு என்று அக்காவும் வந்திருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் என் நெஞ்சுக்குழியில் யாரோ கட்டைவிரலால் தட்டுவதுபோல் இருந்தது. நெஞ்சுவலிதான் என்று முடிவே செய்துவிட்டேன். வியர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரும் நெஞ்சைத் தடவுவதைப் பார்த்த பிறகுதான் சத்தம் மேடையிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஒரு பையன் நீளமான கிடார் ஒன்றை மாட்டிக்கொண்டு, நாலே நாலு தடித் தந்திகளை நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தான். பேஸ் கிடார் என்றார்கள். நான் ஐந்து விரலும் ஒரு காலும் வைத்துச் செய்கிற அடி ஸ்வரத்தை அவன் இரண்டு விரலில் செய்தான். நெஞ்சுவலியாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இடைவேளையில் அக்காவைக் காணோம். மேடைக்குப் பின்னால் போய், அந்தப் பையனிடம் கேட்டு, கிடாரின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது முகம் பளபளத்தது.

"தம்பி, உள்ள இருக்கறது காயிலுப்பா! காந்தத்து மேல சுத்தின காயிலு. அவ்ளோதான் சமாச்சாரம். இதுக்குப் போய் நான் இன்னாவோ ஏதோன்னு நெனச்சேன். சாண் போட்டுப் பாத்துட்டேன். தந்தி நீளம் நாலு சாணுக்கு ரெண்டு விரக்கடை கம்மி."

"அது ஃபாரின் சாமான்கா. வீட்ல பண்றதா? நம்மளால ஆவாது" என்றேன். ஆகக்கூடாது என்று உள்ளே ஒன்று வேண்டிக்கொண்டது.

"ஆவலன்னா ஆணில மாட்டிடுவோம்."

மாட்டவும் செய்தார். முதலில் மா மரத்தில் கழுத்து செதுக்கினார். தந்தியை முறுக்க முறுக்க அது வில்லாக வளைந்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் பட்டாசு மாதிரி வெடித்து இரண்டாகப் போனது. சத்தம் கேட்டு என் கையிலிருந்த சோறு சிதறியது. அன்று எனக்கு நல்ல பசி. இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த வாரம் அக்காவும் தன் அம்மா வீட்டுக்குப் போக என்னோடு அதே ரயிலில் வந்தார். உடைந்த கழுத்தைக் கையில் எடுத்துவந்து பெட்டி முழுக்கக் காட்டினார். "பாருங்க, மரம் தெரியாம செஞ்சிட்டேன்." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். இவரோடு வந்தவன் என்று தெரிந்தால் என்னையும் ஏதாவது கேட்பார்களே. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். திருவாமாத்தூர்க்காரர் ஒருவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மா இழுவை தாங்காதும்மா. பலா வேணும். வீணைக்கே பலாதான்" என்றார். அடுத்த ஞாயிறு விழுப்புரம் பிளாட்பாரத்தில் அதே மனுஷர், பழைய கட்டிலின் பலாச் சட்டம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்! முன்பின் தெரியாதவர். அதைத் திண்டிவனம் வரை தூக்கி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

தந்திக்கு அக்கா அலையவில்லை. வீணைக்குப் போடும் எஃகுத் தந்தியின் மேல், மோட்டாருக்குச் சுற்றுகிற செம்புக் கம்பியை நெருக்கி நெருக்கிச் சுற்றித் தடியாக்கிவிட்டார். பழுதான மைக் செட் ஒலிபெருக்கியிலிருந்து காந்தம். தலைமயிரைவிட மெல்லிய கம்பியில் காயில். தையல் மிஷினில் நூல் சுற்றுகிற சக்கரத்தில் பொருத்தி, மிதித்துக்கொண்டே எண்ணுவார். நூறு சுற்றுக்கு ஒரு மல்லாட்டையை இடது பக்கம் எடுத்து வைப்பார். அப்போது யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டுவார். ஐயாயிரம் சுற்று போக வேண்டும். நாற்பதைத் தாண்டியபோது வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார், உட்கார்ந்தார், கரண்டுக்காரர்கள் பற்றி ஏதோ பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்.

"அய்யய்யோ! இன்னாங்க பண்ணீங்க? எத்தினி தின்னீங்க?"

"எட்டோ, ஒம்போதோ. ஏன், கணக்கு வச்சா துன்னுவாங்க?"

"எட்டா ஒம்போதா? சரியாச் சொல்லுங்க!"

"இந்தா, துன்றதுக்குத்தானே வச்சிருக்கன்னு நெனச்சேன். அதுல நாலு சொத்தை வேற."

முழுக்கப் பிரித்துவிட்டார். மறுநாள் முதலிலிருந்து. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "துன்ற பொருளை எண்ணிக்கைக்கு வச்சது என் தப்பு" என்றார். இந்த முறை கூழாங்கல். தெருவே சிரித்துக்கொண்டு அந்தக் கிடாருக்குச் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. "நம்ம அக்கா கிடார் எங்க வரைக்கும் வந்திருக்கு?" என்று மண்டியில் என்னிடமே கேட்டார்கள். என் ஆர்மோனியம் எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தம்பி, மெட்டுப் போடணும். உன் பெட்டியை எடுத்தாயேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பி சுற்றுகிறவர் பாட்டுக்கு மெட்டு வேறு போடப் போகிறாரா? மாஸ்டருக்கு அந்தப் பாட்டு பிடித்துவிட்டால் என் கதி? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிப்போனேன். போய்ப் பார்த்தால், கிடாரின் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிள் சக்கரக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறார். வீணையில் விரல் வைக்கிற இடங்களில் குறுக்கே கம்பி இருக்குமே, அந்த மெட்டு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எதற்கு இப்படிச் சிரிக்கிறான் என்று அக்கா பார்த்தார்.

எந்த மெட்டு எங்கே வர வேண்டும் என்பதற்கு எங்களிடம் கணக்கு இல்லை. அக்காவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தந்தியை என் பெட்டியின் ஒரு கட்டைக்குச் சேர்த்து முறுக்கினார். நான் அதற்கு அடுத்த கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் ஒரு கம்பித் துண்டைத் தந்திக்கு அடியில் நகர்த்தி நகர்த்தி மீட்டுவார். இரண்டு சத்தமும் ஒன்றாகிற இடத்தில் பென்சில் கோடு. பிறகு அடுத்த கட்டை. ஒவ்வொன்றுக்கும் "சரியா தம்பி?" என்பார். "சரி" என்பேன். ஆறு வரை போனது.

ஏழாவதுக்கு நான் அழுத்த வேண்டிய கட்டையைப் பற்றி இந்த உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் கடலோரத்தில் ஒரு கல்யாணத்தில் வாசித்தபோது, உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு களிம்பேறி, சுருதி ஒரு நூலளவு இறங்கிவிட்டது. பெட்டி போச்சு என்று மாஸ்டர் சொல்லிவிடுவாரோ என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அந்தக் கட்டையைத் தொட்டும் தொடாமலும், கூட இன்னொரு கட்டையைச் சேர்த்து அழுத்தியும் சமாளித்து வந்தேன்.

அழுத்தினேன். அக்கா கம்பியை நகர்த்தினார். சத்தம் சேர்ந்தது. ஆனால் கோடு போடாமல் புருவத்தைச் சுருக்கினார்.

"தம்பி, இது கொஞ்சம் எறங்கின மாதிரி கேக்குது. எனக்கு மட்டும்தான் அப்பிடிக் கேக்குதா?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் இந்த அம்மாளிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு பாசஞ்சர் ரயில் முழுக்கத் தெரிந்துவிடும். அது முதல் பயம். இரண்டாவதாக வந்தது பயம் இல்லை, வேறொன்று. இந்தக் கிடார் என் பெட்டியோடு மட்டும் ஒத்துப்போகிறபடி அமைந்துவிட்டால், என்னை யாரும் கழற்றிவிட முடியாது.

"உங்க காதுதான்கா. சரியாத்தான் இருக்குது."

"அப்ப சரி. நீ பெட்டிக்காரன், உனக்குத் தெரியாததா?" என்று கோடு போட்டார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில்தான் அக்கா முதன்முதலில் எங்களோடு மேடை ஏறினார். மாஸ்டருக்கு ஆரம்பத்தில் தயக்கம். வாசித்துக் காட்டியதும் தயக்கம் போய்விட்டது. அரக்குக் கலர்ப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்து, கிடாரை மடியில் வைத்துக்கொண்டார். முன்வரிசையிலிருந்து ஒருத்தன், "இன்னாம்மா, ஒலக்கையைத் தூக்கிக்கினு வந்துட்ட?" என்றான். அக்கா உடனே, "ஒலக்கைதாங்க. குத்தறேன், கேளுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. குத்தினார். சிரித்தவன் நெஞ்சைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன்.

கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் என்னிடம் வந்தார். "யோவ், இனிமே உன் பீச்சாங்கையை மடில வச்சிக்க. அக்கா பாத்துக்கறாங்க." பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு கையை வெட்டி எடுத்துப் போனதுபோல் இருந்தது.

ஆனால் மிச்சமிருந்த கை பத்திரம் என்று நம்பினேன். ஏழாவது மெட்டும் என் இறங்கின கட்டையும் ஒன்றுக்கொன்று துணை. மற்றத் தந்திகளில் அதே மெட்டில் வேறு ஸ்வரம், அது என் பெட்டியோடு சேராது. அங்கே அவர் விரல் போகிறது என்று தெரிந்தால், துருத்தியை மிதித்துப் பெட்டியை அலறவிட்டு மூடிவிடுவேன். "ஏன்யா நடுநடுவுல கத்தற?" என்று மாஸ்டர் கேட்பார். "உணர்ச்சி மாஸ்டர்" என்பேன்.

பிறகு விழுப்புரத்தில் பொருட்காட்சி வந்தது. பத்து நாள் மேடை எங்கள் குழுவுக்கு. எங்களுக்கெல்லாம் அதுவரை கிடைக்காத பெரிய மேடை. மாஸ்டர் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய்ப் பையனைக் கூட்டிவந்தார். இருபத்திரண்டு வயசிருக்கும். மாமா சைகோனிலிருந்து கொண்டுவந்த அக்கார்டியன் என்கிற துருத்திப் பெட்டி அவன் மார்பில் பளபளவென்று தொங்கியது. "அடுத்த வாரம் பெட்டி எடுத்தாராதய்யா, பாயை வச்சிப் பாக்கலாம்" என்றார் மாஸ்டர். வெறுங்கையோடு போய் ஒத்திகையில் சுவரோரம் உட்கார்ந்தேன்.

இரண்டாவது பாட்டிலேயே பாய் நிறுத்தினான். "அக்கா, கோச்சிக்காதீங்க. உங்க ஏழாவது மெட்டு கீழ நிக்குது."

அக்கா மீட்டினார். பாய் அதே ஸ்வரத்தைப் பிடித்தான். இரண்டும் ஒன்றையொன்று உரசி நடுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

"என் பெட்டியோட சரியாத்தானே இருந்திச்சு" என்றேன். யாரும் கேட்காமலேயே சொன்னேன்.

"ஆமா. தம்பி பெட்டியை வச்சித்தானே போட்டேன்" என்று அக்கா யோசித்தார். "பாய் பெட்டியும் சரியாத்தான் இருக்குது, மத்த மெட்டெல்லாம் சேருதே. அப்ப தப்பு என்னுது. கோடு போட்ட எடத்துல எறக்காம பக்கத்துல எறக்கியிருக்கேன். அதுகூடப் பரவால்ல. இத்தினி நாளா அது என் காதுக்குத் தெரியல பாருங்க."

மாஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். "எட்டு நாள்தான் இருக்குது. இப்ப அதுல கை வச்சி எசகுபிசகா ஆயிடப் போவுது. பொருட்காட்சிக்குப் பழைய பெட்டியே இருக்கட்டும். பாய், நீங்க அடுத்த தபா."

நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் அக்கா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வாசல் தெளித்தார். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் விட்டிருக்கிறாராம். தெருவில் கேட்டவர்களிடம், "காது கோளாறு பண்ணுது. சுருதி தெரிய மாட்டேங்குது" என்றார். தப்பான மெட்டை உடனே பிடுங்கிப் போட்டிருக்க வேண்டிய மனுஷி அதைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மறுபடியும் போட்டா, அதையும் இதே காதுதானே கேக்கணும்?" என்றார். ஞாயிறு பூசையில் எப்போதும் முன்வரிசைப் பாட்டுக் கூட்டத்தில் நிற்பவர், கடைசித் தூணோரம் நின்று வாயைத் திறக்காமல் வந்தாராம். எனக்குச் சுவர் வழியாக மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. நூறு சுற்றுக்கும் அடுத்த நூறுக்கும் நடுவே வழக்கமாக ஒரு முனகல் பாட்டு வரும். அது வரவில்லை.

வீட்டுக்காரர் என்னைத் தெருமுனையில் பிடித்தார். "டாக்டரு காதுல ஒண்ணுமே இல்லன்றாரு. இவ நம்ப மாட்டேன்றா. பேஜாரா இருக்குதுப்பா. நீயாவது வந்து சொல்லேன்."

போனேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா காதுப் பஞ்சை எடுத்துவிட்டு என்ன என்பதுபோல் பார்த்தார். மூடியைக் கழற்றி, அந்தக் களிம்பேறிய நாக்கைக் காட்டினேன். கட்டையை அழுத்தினேன். அடுத்ததை அழுத்தினேன். மறுபடி அதை அழுத்தினேன்.

அவருக்கு விளங்க ஒரு மூச்சு நேரம் போதுமாயிருந்தது.

"இது எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமாக்கா."

"ரெண்டு வருஷமா மறைச்சிக்கினு இருந்தியா? தூக்கம் வந்திச்சா உனக்கு?"

"வரலக்கா."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்குக் காதே பூடுச்சின்னு நெனச்சேன்டா. மெட்டுப் போட்ட அன்னிக்கே எனக்குக் கேட்டுது. கேட்டுதுன்னு உன்னாண்ட சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அக்கா, ஒண்ணே ஒண்ணு. பொருட்காட்சி முடியிற வரைக்கும் மெட்டு அப்பிடியே இருக்கட்டும்கா. மாத்திட்டீங்கன்னா பாய் வந்துடுவான். எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

அக்கா கிடாரை எடுத்துப் பழைய புடவையில் சுற்றினார். பொறுமையாகத்தான் சொன்னார்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் அதை என்னால வாசிக்க முடியாது தம்பி. மாஸ்டராண்ட நீ சொல்லிடு. என் தப்பா இருந்தா நானே சொல்லிடுவேன். உன்னுதை நான் எப்பிடிச் சொல்றது? நல்லா இருக்காது."

அன்றைக்கே பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் போய், பாயின் அக்கார்டியனை வைத்து ஏழாவது மெட்டைப் பிடுங்கி, ஒரு நூல் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். பழைய பள்ளத்தைப் பார்சலுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கை உருக்கி அடைத்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தால் மெட்டுக்கு அருகே ரத்தக் கீறல் மாதிரி ஒரு கோடு தெரியும்.

பொருட்காட்சியின் முதல் நாள் சாயங்காலம், நாங்கள் இருவரும் விழுப்புரத்தில் இறங்கி பார்சல் ஆபீசுக்குப் போனோம். மெட்டு சரியாகிவிட்டது என்று மாஸ்டருக்கு பாய் மூலம் சேதி போயிருந்தது. அவன்தான் வாசிக்கப் போகிறான். "யோவ், நீ கிலுகிலுப்பையை ஆட்டு. உன்னை விட்டுடுவேனா?" என்று மாஸ்டர் என் தோளைத் தட்டினார். அக்கா புடவையைப் பிரித்து மெட்டைக் காட்டினார். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"சுத்தமா உக்காந்திருக்குது. ஆனா ஏன்க்கா இந்த ஒண்ணு மட்டும் மொதல்ல தப்பாப் போச்சு? மத்ததெல்லாம் ஊசி மாதிரி இருக்குதே."

அக்கா வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பிக்குத் தெரியும். சொல்லுவாரு."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. சொன்னால் ஒருவேளை சிரித்திருப்பார். இரண்டு வருஷமா, அட மடையா என்று முதுகில் ஒன்று வைத்திருப்பார். இன்றைக்கு அது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. கிலுகிலுப்பையும் போய்விட்டால்?

"ஈரக் காத்து மாஸ்டர்" என்றேன். "பலா மரம் கொஞ்சம் இழுத்துக்கும்."

"ஓகோ, மரமா?" என்று மாஸ்டர் தலையாட்டினார்.

அக்கா கிடாரை மறுபடி புடவையில் சுற்றினார். நிதானமாக, ஒரு மடிப்பு விடாமல். தோளில் சாய்த்துக்கொண்டார்.

"வாங்க, நேரமாவுது" என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் உள்ளே போய்விட்டிருந்தார். பின்னால் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அதே சுவருக்கு இரு பக்கமும் இருந்தோம். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. பண்டிகைக்குப் பலகாரம் வரும். என் கல்யாணத்தில் அந்தக் கிடார் ஒலித்தது. "சாப்டீங்களா?", "மண்டிலேருந்து இப்பதான் வர்றீங்களா?" என்று அக்கா விசாரிப்பார். தம்பி என்ற வார்த்தை மட்டும் வராது. "பக்கத்து வீட்டு அம்மா உங்களுக்கு எவ்ளோ மரியாதை குடுக்கறாங்க" என்று என் மனைவிக்குப் பெருமை. பாய்ப் பையன் வாராவாரம் வருவான். "டேய், செருப்பை எங்க உட்ட? கூறுகெட்டவனே, உள்ள வாடா" என்று அக்கா அவனைத் திட்டுகிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.

வீட்டுக்காரர் கடையைக் காலி செய்து அவர்கள் ஊர் மாறின நாளில் தெருவே லாரியைச் சுற்றி நின்றது. அக்கா ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஏண்டி, அழாத. வர்றேன்." "டேய், ஒழுங்கா இரு, வர்றேன்." என் முன்னால் வந்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கை கூப்பினார்.

"வர்றேங்க."